பவளத்துக்குச் சூடு பொறுக்கவில்லை என்பதை எப்படி அளக்கிறார்கள்?

"பவளப்பாறை வெளுத்துவிட்டது என்று செய்தி வந்த பிறகுதான் வெப்பம் தாக்கியதே தெரிகிறது. முன்கூட்டியே அறிய வழியில்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளிறல் அறிவிக்கப்பட்டதிலிருந்து பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. வழி உண்டு. அதுவும் மிக அழகான வழி.

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. நீர் சூடேறினால் இந்த உறவு முறிகிறது. பாசி போய்விட, நிறமற்ற திசு வழியே சுண்ணாம்புக் கூடு வெள்ளையாகத் தெரிகிறது. வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, பட்டினி கிடக்கும் பவளம்.

கடலின் சூட்டை வானிலிருந்தே கணக்கிடுகிறார்கள். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா, ஓர் இடத்தின் மிகச் சூடான மாதத்தின் சராசரி வெப்பநிலையை அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. அதைவிட 1 டிகிரி கூடுதலாக ஒரு வாரம் நீடித்தால் ஒரு புள்ளி, 2 டிகிரி என்றால் இரண்டு. இப்படி 12 வாரப் புள்ளிகளைக் கூட்டினால் 4-ஐத் தொடும்போது வெளிறலும், 8-ஐத் தொடும்போது சாவும் எதிர்பார்க்கப்படும். ஆனால் இது நீரின் கதை. ஒரே நீரில் அருகருகே நிற்கும் இரண்டு பவளங்களில் ஒன்று வெளுக்கும், மற்றொன்று பழுப்பாகவே நிற்கும். பவளத்தின் நிலையைப் பவளத்திடம்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் கருவி ஃப்ளோரோமீட்டர். இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுப்பதில்லை. பாசியின் பச்சையம் வாங்கும் ஒளி மூன்று வழிகளில் செலவாகிறது: ஒளிச்சேர்க்கைக்கு ஒரு பங்கு, வெப்பமாக ஒரு பங்கு, மிச்சம் மங்கிய சிவப்பு ஒளியாகத் திரும்பி வெளியேறுகிறது. அந்தச் சிவப்பைத்தான் கருவி அளக்கிறது.

ஏரியின் மதகுகள் திறந்திருந்தால் கலிங்கில் கொஞ்சம்தான் வழியும். எல்லா மதகுகளையும் சட்டென்று அடைத்தால் கலிங்கில் வெள்ளம் பாயும். எவ்வளவு கூடியது என்பதை வைத்து மதகுகள் எவ்வளவு நீர் இழுத்துக்கொண்டிருந்தன என்று சொல்லிவிடலாம். மதகுகள் முன்பே தூர்ந்திருந்தால், அடைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

இங்கும் அதே கணக்குதான். பவளத்துண்டைச் சிறிது நேரம் இருட்டில் வைக்கிறார்கள். பாசிக்குள் ஒளியைப் பயன்படுத்தும் மையங்கள் எல்லாம் திறந்துகொள்கின்றன. ஒளியிழையின் நுனியைச் சில மில்லிமீட்டர் தொலைவில் பிடித்து, மிக மெல்லிய ஒளியில் முதல் அளவு. பிறகு ஒரு நொடிக்கும் குறைவான, கண் கூசும் வெட்டொளி. அத்தனை மையங்களும் ஒரே கணத்தில் அடைபட, சிவப்பு எகிறுகிறது. 300-லிருந்து 900-க்கு ஏறியது என்று வைத்துக்கொள்வோம். கூடிய 600-ஐ 900-ஆல் வகுத்தால் 0.67. நலமான பவளத்தின் எண் ஏறக்குறைய இதுதான். சூட்டில் வாடிய துண்டு 400-இல் தொடங்கி 600-உடன் நின்றுவிடும். 200-ஐ 600-ஆல் வகுத்தால் 0.33. நிறம் மாறுவதற்கு முன்பே இந்த எண் சரியத் தொடங்குவதுண்டு. வாசகரின் கேள்விக்கு விடை இங்கேதான்.

இதை ஒரே நாள் சோதனையாகவும் ஆக்கியிருக்கிறார்கள். ஒரே பவளத்தின் துண்டுகளைத் தனித்தனித் தொட்டிகளில், கோடைச் சராசரியிலிருந்து 9 டிகிரி கூடுதல் வரை சில மணி நேரம் சூடேற்றுகிறார்கள். 18 மணி நேரத்தில் வேலை முடிகிறது. எண் பாதியாக விழும் வெப்பநிலைதான் அந்தப் பவளத்தின் தாங்குதிறன். இதைக் கொண்டு நூற்றுக்கணக்கான பவளங்களை வரிசைப்படுத்தி, சூடு தாங்கும் தாய்ப்பவளங்களை மீட்புப் பணிக்குத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஆனால் கடலில் சூடு வாரக்கணக்கில் நீடிக்கிறது. தொட்டியில் வென்ற பவளம் கடலிலும் வெல்கிறதா என்பதை அதே பவளத்திடம் ஆண்டுதோறும் திரும்பிப் போய்த்தான் பார்க்க வேண்டும். புதிய கருவி வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்கள், பத்தாண்டுகள் விடாமல் அளக்கும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கத் தயங்குகிறார்கள். இது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். போன கோடையின் எண் கையில் இல்லாவிட்டால், இந்தக் கோடையின் 0.5 சரிவா, மீட்சியா என்று யாராலும் சொல்ல முடியாது.