பத்துத் தடை, ஒரு பேட்டன்: டியான் ஹெம்மிங்ஸ் ஓடிய கணக்கு

1996 ஜூலை 31. அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்று. ஜமைக்காவின் டியான் ஹெம்மிங்ஸ் 52.82 நொடியில் முதலாவதாக வந்தார். அரையிறுதியில் 52.99 ஓடி ஒலிம்பிக் சாதனை படைத்ததும் அவர்தான், இறுதியில் அதை முறியடித்ததும் அவர்தான். ஜமைக்கப் பெண் ஒருவர் ஒலிம்பிக் தங்கம் வென்றது அதுவே முதல் முறை. நாலு நாள் முன்பு அதே மைதானத்தில் 100 மீட்டர் ஓட்டத்தில் ஜமைக்காவின் மெர்லின் ஆட்டிக்கும் அமெரிக்காவின் கெயில் டெவர்ஸுக்கும் ஒரே நேரம், 10.94 நொடி. போட்டோவைப் பார்த்து டெவர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். வேகத்துக்குப் பேர்போன அந்தத் தீவின் பெண்களுக்கு முதல் தங்கம் கடைசியில் வந்தது, எண்ணி எண்ணி ஓட வேண்டிய ஒரு பந்தயத்தில்.

எதை எண்ணுவது? காலடிகளை.

ஓடுபாதையில் பத்துத் தடைகள். பெண்களுக்கு ஒவ்வொன்றின் உயரமும் 76.2 செ.மீ. புறப்படும் இடத்திலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர், பிறகு தடைக்குத் தடை 35 மீட்டர், பத்தாவதைத் தாண்டியதும் எல்லைக்கோட்டுக்கு 40 மீட்டர். இந்த 35 மீட்டரில்தான் வித்தையெல்லாம் இருக்கிறது. தடைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் முன்னால் கால் தரையை விட்டு எழும்பும். அந்தப் பக்கம் சுமார் 1 மீட்டர் தள்ளி இறங்கும். ஆக, நடுவில் ஓடக் கிடைப்பது 32 மீட்டர். அதைப் பதினைந்து காலடியில் முடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு காலடியும் 2.13 மீட்டர் இருக்க வேண்டும். பதினாறு என்றால் சரியாக 2 மீட்டர். பதினேழு என்றால் 1.88.

பந்தயத்தின் தொடக்கத்தில் 2.13 வைப்பது பயிற்சி பெற்றவருக்குப் பெரிய காரியமில்லை. ஆறாவது தடைக்குப் பிறகு தசை சோர்ந்து, காலடி ஒவ்வொன்றும் வெறும் 5 செ.மீ. குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து காலடிக்குள் 75 செ.மீ. பற்றாக்குறை. 2 மீட்டரில் எழும்ப வேண்டியவர் 2.75 மீட்டர் தொலைவில் நிற்கிறார். அங்கிருந்தே எகிறினால் தடையில் இடிக்கலாம், அல்லது உயரத் தாவிப் பொத்தென்று விழலாம். எகிறாமல் நடுவில் ஒரு குட்டிக் காலடி வைத்தால் வேகம் செத்துவிடும். போதாததற்கு, கூடுதலாக ஒரு காலடி வைத்தால் தாண்டும் காலும் மாறிவிடும். தெருவில் நடக்கும்போது எதிரே சாக்கடை வந்தால் கடைசி இரண்டு அடியை நாமே அறியாமல் கூட்டிக் குறைத்துக்கொள்கிறோம் அல்லவா, அதே கண்கணக்கை நொடிக்கு ஏழரை மீட்டர் வேகத்தில், மூச்சு வாங்கும்போது பத்து முறை போட வேண்டும்.

காலடிகள் ஒற்றைப்படையாக இருக்கும் வரை ஒவ்வொரு தடையிலும் ஒரே கால்தான் முன்னே நீளும். இரட்டைப்படைக்கு மாறினால் இடமும் வலமும் மாறி மாறி வரும். அதனால் தேர்ந்தவர்கள் இரண்டு காலாலும் தாண்டப் பழகி, எந்தத் தடையில் பதினைந்தைப் பதினாறாக்குவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருப்பார்கள். சோர்வு வந்த பிறகு யோசிக்கிறவர் அந்தப் பந்தயத்தை ஏற்கெனவே தோற்றுவிட்டார் என்றுதான் சொல்வேன்.

எந்தக் கால் என்பதிலும் விஷயம் இருக்கிறது. பத்துத் தடைகளில் பாதிக்கு மேல் வளைவில்தான் வரும், ஓட்டமோ எப்போதும் இடப்பக்கமாகத் திரும்பும். இடது காலை முன்னே நீட்டித் தாண்டுபவர் லேனின் உட்கோட்டை ஒட்டியே ஓடலாம். வலது காலை நீட்டினால் பின்னால் வரும் இடது கால் உட்பக்கம் சுழல்கிறது. அது தடையின் ஓரத்துக்கு வெளியே, மேல்விளிம்புக்குக் கீழே போய்விட்டால் ஓட்டமே செல்லாது. எனவே அவர் லேனின் நடுப்பக்கம் ஒதுங்கி, கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடத்தான் வேண்டும். தடையைத் தட்டி விழச் செய்வது மட்டும் குற்றமல்ல, கையாலோ உடம்பாலோ முன்னே நீளும் காலின் மேற்புறத்தாலோ தள்ளாதவரை. மேல்விளிம்பில் 3.6 முதல் 4 கிலோ எடைக்குச் சமமான விசை பட்டால்தான் சாயும்படி தடையை அமைத்திருப்பார்கள். தட்டினால் தண்டனையை விதிப்புத்தகம் தருவதில்லை, முழங்கால்தான் தரும்.

சரி, அந்தச் சோர்வு எங்கிருந்து வருகிறது? முதல் சில நொடிகளுக்குத் தசையில் சேமித்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் கைகொடுக்கிறது. அப்புறம் ஆக்சிஜனுக்குக் காத்திருக்காமல் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் வழி முழுவேகத்தில் ஓடுகிறது. ஆக்சிஜன் வழியும் சும்மா இருப்பதில்லை. ஐம்பது நொடி ஓட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆற்றல் அதிலிருந்தே வருகிறது. பழியெல்லாம் லாக்டிக் அமிலத்தின் தலையில் விழுவது வழக்கம். உண்மையில் லாக்டேட்டை உடம்பு எரிபொருளாகத் திரும்பப் பயன்படுத்திக்கொள்கிறது. ஹைட்ரஜன் அயனிகளும் பாஸ்பேட்டும் குவிந்து தசையிழைகளின் சுருக்கத்தைத் தளர்த்துவதுதான் கால் கனப்பதற்கு முக்கியக் காரணம். 52.82 நொடி ஓட்டத்தில் 35 மீட்டருக்குச் சராசரியாக 4.6 நொடி ஆகிறது. முதல் இடைவெளிகள் இதற்குக் குறைவாகவும் கடைசி இடைவெளிகள் கூடுதலாகவும் இருக்கும். அந்த ஏற்றத்தை யார் குறைவாக வைத்துக்கொள்கிறாரோ அவர்தான் கடைசி நேர்ப்பாதையில் முன்னேறுவதுபோலத் தெரிவார். அவர் வேகம் கூடியிருக்காது, மற்றவர்களுடையது குறைந்திருக்கும்.

இந்தப் பந்தயம் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் 1984-இல்தான் வந்தது. பி.டி. உஷா நூறில் ஒரு நொடியில் வெண்கலத்தைக் கோட்டைவிட்டாரே, அதே ஓட்டம். அந்த இறுதியில் எட்டாவதாக வந்த சாண்ட்ரா ஃபார்மர் ஜமைக்காவுக்காக ஓடியவர். அவர் பின்னாளில் அமெரிக்காவுக்கு மாறி, 1992 பார்சிலோனாவில் வெள்ளி வாங்கினார். அங்கே ஏழாவதாக வந்தவர் ஹெம்மிங்ஸ். 1995-இல் கோதென்பர்க் உலகப் போட்டியில் அமெரிக்காவின் கிம் பேட்டன் 52.61 ஓடி உலக சாதனை படைத்தார். நூறில் ஒரு நொடி பின்னால் டோன்யா புஃபோர்ட். மூன்றாவதாக வந்த ஹெம்மிங்ஸுக்கு 53.48. அடுத்த ஆண்டே அட்லாண்டாவில் இருவரையும் பின்னுக்குத் தள்ளினார்.

எனக்கு அதைவிட சுவாரஸ்யமானது 2000 சிட்னி. அங்கே அவரைத் தோற்கடித்தவர் ரஷ்யாவின் இரினா ப்ரிவலோவா. பார்சிலோனாவில் 100 மீட்டரில் வெண்கலம் வாங்கிய அதிவேக ஓட்டக்காரி. இந்தப் பந்தயத்துக்குப் புதியவர். அவருக்கு 53.02, ஹெம்மிங்ஸுக்கு 53.45. தடை இல்லாத ஓட்டத்தில் போதுமான வேகம் கையிருப்பில் இருந்தால் தாண்டலில் உள்ள குறைகளை அது ஓரளவு ஈடுகட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

மூன்று நாள் கழித்து இருவரும் 4x400 ரிலே (நாலு பேர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் தொடரோட்டம்) இறுதியில் மறுபடி இறங்கினார்கள். அமெரிக்கா 3:22.62, ஜமைக்கா 3:23.25, ரஷ்யா 3:23.46. தடை ஓட்டக்காரரை ரிலேயில் ஏன் போடுகிறார்கள் என்பதற்கு இங்கேயே விடை இருக்கிறது. ஜமைக்காவின் நேரத்தை நாலால் வகுத்தால் ஒருவருக்கு 50.81 நொடி. தடைகளை எடுத்துவிட்டால் நல்ல வீராங்கனைக்கு 2 முதல் 3 நொடி மிச்சமாகும். 53.45-இல் இரண்டரையைக் கழித்தால் 51-க்குப் பக்கம். ரிலேயில் முதலாமவரைத் தவிர மற்றவர்கள் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருப்பதில்லை, நகர்ந்துகொண்டே பேட்டனை, அதாவது கைமாற்றும் குச்சியை, வாங்குகிறார்கள். அதில் இன்னும் அரை நொடிக்கு மேல் லாபம். கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதோடு 4x100 போலக் கையைப் பின்னால் நீட்டிப் பார்க்காமல் வாங்குவதல்ல இது. தள்ளாடி வருகிறவரைத் திரும்பிப் பார்த்து, அவர் வேகத்தை எடைபோட்டு, அதற்கேற்றபடி நகரத் தொடங்க வேண்டும். நெருங்கி வரும் தடையைக் கண்ணால் அளந்து பழகியவர்களுக்கு இது கூடுதலாகக் கைவரும் என்பது என் ஊகம்.

அமெரிக்க அணியில் ஓடிய மேரியன் ஜோன்ஸ் பின்னால் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டார். அணியின் தங்கம் பறிபோனது. 2010-இல் விளையாட்டு நடுவர் மன்றம் மற்ற வீராங்கனைகளுக்கு அதைத் திருப்பித் தந்தது. ஜமைக்காவின் வெள்ளி வெள்ளியாகவே நின்றது. சிட்னிக்கு அடுத்த ஆண்டு, 2001-இல், எட்மண்டன் உலகப் போட்டியில் ஜமைக்கப் பெண்கள் 3:20.65 ஓடித் தங்கம் வென்றபோது, ஹெம்மிங்ஸின் சக தடை ஓட்டக்காரரான டெபி-ஆன் பாரிஸ் அணியில் இருந்தார்.

இப்போது எண்ணிக்கையே மாறிவருகிறது. அமெரிக்காவின் சிட்னி மெக்லாக்லின்-லெவ்ரோன் பெரும்பாலான இடைவெளிகளைப் பதினான்கு காலடியில் கடக்கிறார். அதாவது காலடிக்கு 2.29 மீட்டர், தடைக்குத் தடை கால் மாறும். 2024 பாரிஸில் அவருடைய நேரம் 50.37, உலக சாதனை. அங்கே 3:15.27 ஓடித் தங்கம் வென்ற அமெரிக்க 4x400 அணியில் இரண்டாவதாக ஓடியவர் அவர். அவர் கையில் பேட்டனைக் கொடுத்த ஷாமியர் லிட்டிலும் தடை ஓட்டக்காரர்தான்.