ஜீன் ரிப்போர்ட் ஃபார்மலின் பாட்டிலில் தொடங்குகிறது

பெங்களூரில் புற்றுநோய் மரபணுத் தரவுகளைக் கம்ப்யூட்டரில் அலசுவதுதான் என் வேலை. ஊரிலிருந்து போன் செய்பவர்கள் எந்த லேப் நல்லது, எத்தனை ஜீன் பார்ப்பார்கள் என்றுதான் கேட்பார்கள். எடுத்த சதையை எதில் போட்டு வைத்தார்கள் என்று நான் கேட்டால் பதில் வராது.

சிறிய நர்சிங் ஹோம்களில் பயாப்ஸி பாட்டிலைச் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்து, "லேப்ல சேர்த்துடுங்க" என்பார்கள். உள்ளே திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் இருக்க வேண்டும், சதையைப் போலக் குறைந்தது பத்து மடங்கு. சலைனில் விட்டுவைத்தால் திசு கெட ஆரம்பித்துவிடும். ஃபார்மலினிலேயே நாள்கணக்கில் ஊறினாலும் வம்புதான். மார்பகப் புற்றுநோய்த் திசுவுக்கு 6 முதல் 72 மணி நேரம் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள்.

ஃபார்மலின் டிஎன்ஏவைத் துண்டாக்கும். அதோடு டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் சி (C) என்பது சிதைந்து, அதைப் படிக்கும் இயந்திரத்துக்கு டி (T) போலத் தெரியும். என் திரையில் ஒரே இடத்தை இயந்திரம் நூறு முறை படித்தால் அதில் இரண்டு மூன்றில் மட்டும் சி இருக்க வேண்டிய இடத்தில் டி நிற்கும். அடுத்த ஜீனிலும் அதே கதை, அதற்கடுத்ததிலும். இப்படி எங்கு பார்த்தாலும் இருந்தால் ஃபார்மலினைச் சந்தேகிப்பேன். ஓரிடத்தில் மட்டும் இருந்தால்தான் தலைவலி, அது நிஜ மாற்றமாகவும் இருக்கலாம்.

நுரையீரல் புற்றுநோயில் ஜெஃபிடினிப், எர்லோடினிப் மாத்திரைகள் முதலில் வேலை செய்து பிறகு பலன் தராமல் போனவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இஜிஎஃப்ஆர் ஜீனில் டி790எம் என்ற மாற்றம் இருக்கும். ஓசிமெர்டினிப் என்ற மருந்து 2015-ல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்றது இவர்களுக்காகத்தான். அந்த மாற்றமும் ஒரு சி, டி ஆவதால் வருவதே! பழைய பிளாக்கில் (மெழுகில் பதித்து வைத்த திசுவில்) அது மங்கலாகத் தெரிந்தால், வேறு முறையில் உறுதி செய்யச் சொல்லாமல் நான் விடமாட்டேன். இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகள் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிக்குமுன் பேத்தாலஜி லேபில் ஒரு வாரம் நின்று பார்க்கலாம்.

கட்டியோடு ரத்தமும் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். யாருடைய டிஎன்ஏவும் பொது மாதிரியிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் பிறவியிலேயே மாறுபடும். கட்டியில் புதிதாக வந்தது எது என்று அவரவர் ரத்தத்தோடு ஒப்பிட்டால்தான் தெளிவாகப் பிரிக்க முடியும். உலகத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம் என்பதால் நமக்கு இது இன்னும் முக்கியம். 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்த ஜீனோம் இந்தியாவின் தரவு, ஆராய்ச்சிக்குத் திறந்துவிடப்பட்டதே 2025 ஜனவரியில்தான்.

ஓசூர், சேலத்திலிருந்து இங்கே வருபவர்கள் ஸ்லைடோடு நிற்காமல் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகும். எலும்பில் பயாப்ஸி என்றால், ஜீன் டெஸ்ட் தேவைப்படலாம் என்று டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். எலும்பை மென்மையாக்க லேப்பில் அமிலம் ஊற்றினால் டிஎன்ஏ பாழாகிவிடும். அமிலத்துக்குப் பதில் ஈடிடிஏ என்ற ரசாயனம் போட்டால் நாளாகும், ஆனால் டிஎன்ஏ தப்பிக்கும்.