காப்பர் டி நெஞ்சுக்கு ஏறுமா?

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் காப்பர் டி, அதாவது கர்ப்பம் தங்காமலிருக்க கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம், என்று பேச்செடுத்தாலே போதும், "மிஸி, அது நெஞ்சுக்கு ஏறிடுமாமே?" என்று நர்ஸான என்னிடம் கேட்பார்கள். ஏறாது. கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது. வைக்கும்போது கருப்பைச் சுவரைத் துளைத்து வெளியே போவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கலாம், அப்போதும் அது அடிவயிற்றில்தான் கிடக்கும், எடுத்துவிடலாம்.

மாதிரிக்கு ஒன்றைக் கையில் கொடுத்தால் பாதி பயம் போய்விடும். மூன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் டி, அதில் சுற்றிய செம்புக் கம்பி, கீழே இரண்டு நூல். செம்பு விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது, அதனால் கரு உருவாவதே தடைபடுகிறது. கருவைக் கலைக்கிற சாமான் இல்லை. 380ஏ என்ற வகை 10 வருடம் தாங்கும். முதல் வருடத்தில் நூறு பேரில் ஒருவருக்குக்கூட கர்ப்பம் தங்குவது அரிது. தாய்ப்பால் கொடுப்பவர்களும் வைத்துக்கொள்ளலாம், எடுத்துவிட்டால் மறுபடியும் கரு தங்கும்.

உண்மையில் கவனிக்க வேண்டியது ரத்தப்போக்கை, அதைத்தான் யாரும் கேட்பதில்லை. செம்பு வகை வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதம் மாதவிலக்கு கூடுதலாகப் போகும், வலியும் இருக்கும். ஏற்கெனவே ரத்தம் குறைந்து, செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கிவிட்டு மூச்சு வாங்க வருகிற அக்காவுக்கு இதை எடுத்த எடுப்பில் சொல்ல எனக்கு மனசு வராது. அவருக்கு, செம்புக்குப் பதிலாக ஹார்மோனை வெளியிடும் வகை பொருத்தம், விலை கூடுதல்தான், ஆனால் ரத்தப்போக்கைக் குறைக்கும், சிலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். நின்றால் "கெட்ட ரத்தம் உள்ளே தங்கிடுச்சு" என்று மாமியார் சொல்வார். கருப்பையின் உள்படலம் மெலிந்துபோவதால் வெளியேற ரத்தமே இல்லை, அவ்வளவுதான்.

சரி, பாரம் தூக்கினால் நழுவுமா? வேலையால் நழுவாது. தானாக நழுவுவது உண்டு, பெரும்பாலும் முதல் சில மாதங்களில், மாதவிலக்கின்போது. அதனால் ஒவ்வொரு மாதவிலக்கு முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு பிறப்புறுப்புக்குள் விரலை விட்டு நூலைத் தொட்டுப் பாருங்கள். நூல் தட்டுப்படாவிட்டால், அல்லது பிளாஸ்டிக் முனையே விரலில் பட்டால், கிளினிக்குக்கு வந்துவிடுங்கள், அதுவரை உறவின்போது ஆணுறை பயன்படுத்துங்கள். காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாதவிலக்கு தள்ளிப்போவது, இதற்கெல்லாம் அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். பால்வினை நோயை இது தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிட்டால் 5 நாளுக்குள் செம்பு வகையை வைத்தாலும் கர்ப்பத்தைத் தடுக்கலாம். அவசரக் கருத்தடை மாத்திரை பற்றித் தெரிந்தவர்களுக்குக்கூட இது தெரிவதில்லை.

அப்புறம், எப்போது வைத்தது என்று கேட்டால் "சின்னவன் பிறந்தப்போ" என்பார்கள், அந்தச் சின்னவன் இப்போது படிவம் மூன்று படிப்பான், பதினைந்து வயது, பத்து வருடம் எப்போதோ தாண்டியிருக்கும். வைத்தபோது கொடுத்த கார்டு எப்படியும் தொலையும். வைத்த தேதியையும் எந்த வகை என்பதையும் கையோடு போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள்.