லண்டன் பெட்டியில் நெய் வைக்கலாமா?

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வைக்கக் கூடாது. மட்டக்களப்பிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ பிரித்தானியாவுக்குப் போகிறவரின் பெட்டியில் நெய், தயிர், வெண்ணெய், பால்மா எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் காய்ச்சிய நெய்யும் கடையில் வாங்கிய நெய்யும் ஒன்றுதான். இறைச்சியும் அப்படியே, வறுத்திருந்தாலும் காயவைத்திருந்தாலும் தடைதான். தபாலில் அனுப்பினாலும் அதே விதி.

காரணம் மாடு, ஆடு, பன்றிகளுக்கு வரும் கால் வாய் நோய். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் மாட்டுப் பட்டி வைத்திருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மனிதருக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் அந்தக் கிருமி பாலிலும் இறைச்சியிலும் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டும். 2001 இல் பிரித்தானியாவில் இந்த நோய் பரவியபோது 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். நோயற்ற நாடு என்ற உலக அங்கீகாரம் இலங்கைக்கு இல்லை. அதனால் நம் பாலுணவுக்கு அங்கே கதவு நீண்ட காலமாகவே மூடியிருக்கிறது.

இது தெரியாமல் போவது பயணிகளின் குற்றம் அல்ல. சொல்ல வேண்டியவர்கள் சொல்வதில்லை. சொல்பவர்களோ பொய் சொல்கிறார்கள்.

முதல் பொய், "கால்நடை வைத்தியரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போங்கள், விடுவார்கள்" என்பது. இதை நம்பி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே போனால் மாவட்டத்துக்குப் போகச் சொல்வார்கள். மாவட்டத்தில் மாகாணத்தைக் கைகாட்டுவார்கள். மாகாணத்தில் கொழும்பு என்பார்கள். ஒருவர் கிராம சேவகரின் கடிதம் கேட்பார், இன்னொருவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் முத்திரை கேட்பார். பயணப் பெட்டியில் போகும் நெய்க்கு இப்படி ஒரு சான்றிதழே இல்லை என்ற ஒரு வரியை அந்த மேசைகளில் எவரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதற்குப் பதிலாக அறுபது வயது தாண்டிய தாய்மார் பஸ்ஸில் ஏறி இறங்குகிறார்கள். உங்களிடம் யாராவது இந்தக் கடிதம் கேட்டால் திரும்பி வந்துவிடுங்கள். எந்தக் கடிதம் இருந்தாலும் லண்டனில் அந்தப் போத்தலை எடுத்துவிடுவார்கள்.

இரண்டாவது பொய் பார்சல் முகவர்களுடையது. கிலோ கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, உள்ளே நெய் இருப்பது தெரிந்தும் படிவத்தில் "உலர் உணவு" என்று எழுதிவிடுகிறார்கள். அனுப்புபவர் பெயர் உங்களுடையது, கையொப்பமும் உங்களுடையது. பொதி அங்கே அழிக்கப்பட்டால் முகவர் பணத்தைத் திருப்பித் தரமாட்டார். படிவத்தை வாசிக்காமல் கையொப்பமிடாதீர்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதிகம் பேர் அகப்படும் பொறி பால்மாவில் இருக்கிறது. குழந்தைக்கான பால்மாவுக்கு விலக்கு உண்டு: ஆளுக்கு 2 கிலோ வரை, குளிரூட்டத் தேவையில்லாத, முத்திரை உடைக்காத கம்பனிப் பொதி. பயணத்தில் குழந்தைக்குக் கொடுப்பதற்காக உடைத்த பொதி என்றால் பரவாயில்லை. ஆனால் வீட்டில் தேநீருக்குப் போடும் சாதாரண பால்மா இந்த விலக்கில் சேராது. "பிள்ளைக்குத்தான்" என்று சொன்னாலும் பால்மாப் பொதியில் எழுதியிருப்பதைத்தான் பார்ப்பார்கள். குழந்தைப் பால்மாவைப் போத்தலிலோ பொலித்தீன் பையிலோ மாற்றிக் கட்டினால் அதுவும் போய்விடும். நோயாளிகளுக்கான சிறப்பு உணவுக்கும் விலக்கு உண்டு. அதையும் கம்பனிப் பொதியிலேயே வையுங்கள், ஆங்கிலத்தில் எழுதிய வைத்தியரின் கடிதத்தைக் கைப்பையில் வையுங்கள்.

பிஸ்கட், சொக்லேட், பாண், கிறீம் இல்லாத கேக் ஆகியவை பிரச்சினை இல்லை. பால் டொபியையும் பால்கோவாவையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். வீட்டில் செய்து கடதாசியில் சுற்றியதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று அதிகாரிக்குக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. பேரப்பிள்ளைகளுக்கு ஊர்ச் சாப்பாடு கொண்டுபோக வேண்டுமென்றால் கருவாடு கட்டுங்கள். மீனுக்கு இந்தத் தடை இல்லை. 20 கிலோ வரை இடம் உண்டு.

அடுத்தது சுவிஸ் வழியாகப் போகிறவர்களுக்கு. மகள் சுவிஸில், மகன் லண்டனில் என்று இருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய. மகள் வீட்டில் சில வாரம் நின்றுவிட்டு மகனிடம் போகும்போது சீஸ் கட்டிக் கொடுப்பார்கள். முன்பு அது பிழையில்லை. 2025 ஜனவரியில் ஜேர்மனியிலும் மார்ச்சில் ஹங்கேரியிலும் ஸ்லோவாக்கியாவிலும் கால் வாய் நோய் கண்டதும் நிலைமை மாறியது. 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்தும் சுவிஸ், நோர்வே போன்ற நாடுகளிலிருந்தும் பிரித்தானியாவுக்குள் பயணிகள் பாலுணவும் மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் கொண்டுவருவது தடுக்கப்பட்டது. விமான நிலையத்தின் வரியில்லாக் கடையில் வாங்கினாலும் விலக்கு இல்லை. கையில் வைத்திருக்கும் சீஸ் சான்ட்விச்சும் சேர்த்துத்தான். விமானத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். சுவிஸ் சொக்லேட்டைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். இலங்கையிலிருந்து சுவிஸுக்கும் நெய் கொண்டுபோக முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

ஜேர்மனியில் நோய் முடிந்துவிட்டது, தடை எடுபட்டது என்று வட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். புறப்படும் வாரத்தில் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் பார்த்துச் சொல்லும்படி அங்குள்ள பிள்ளையிடமே கேளுங்கள். ஐரோப்பியத் தடை தளர்ந்தாலும் இலங்கையிலிருந்து போகும் நெய்க்கு அது பொருந்தாது.

நெய் உற்பத்தி செய்யும் பெண்கள் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. "ஏற்றுமதி செய்து தருகிறோம்" என்று பதிவுக் கட்டணம் கேட்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அதற்கு அனுப்பும் நாடு அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும், பதப்படுத்தும் தொழிற்சாலை அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், ஒவ்வொரு சரக்குக்கும் அரச சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அரசு மட்டத்தில் ஆக வேண்டிய வேலையை உங்கள் குழுவின் சேமிப்பால் வாங்க முடியாது.

ஏற்கெனவே பெட்டியில் வைத்துவிட்டீர்கள், விமானமும் இறங்கிவிட்டது என்றால் பச்சை வழியால் போகாதீர்கள். சிவப்பு வழிக்குப் போய் நீங்களாகவே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். நெய் போகும், அவ்வளவுதான். இங்கிலாந்தில் பாரதூரமான மீறல்களுக்கு 5,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். நெய்யை மறைத்து அந்த ஆபத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம். கேட்பது விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். "தமிழ்" என்று சொல்லி மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். ஏதாவது தாளில் கையொப்பம் கேட்டால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு போடுங்கள், ஒரு பிரதியையும் கேட்டு வாங்குங்கள்.