நுரையீரல் தமனி விதிவிலக்கா?

தமனிக்கும் சிரைக்கும் என்ன வித்தியாசம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். “தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம்” என்று பட்டென்று பதில் வரும். சரி, நுரையீரல் தமனியில்? பாதிப் பேர் விழிப்பார்கள். மீதிப் பேர் “அது மட்டும் விதிவிலக்கு சார்” என்பார்கள். தேர்வு முடிந்ததும் அதுவும் மறந்துபோகும்.

உண்மையில் விதிவிலக்கே கிடையாது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. அவ்வளவுதான், ஆக்சிஜன் இந்தக் கணக்கிலேயே வராது. நுரையீரலுக்குப் போகும் ரத்தம் ஆக்சிஜன் வாங்கத்தானே போகிறது? அதில் ஆக்சிஜன் குறைவாகத்தான் இருக்கும். கருவிலிருக்கும் குழந்தையின் தொப்புள்கொடித் தமனிகளிலும் இதே கதைதான். ‘கெட்ட ரத்தம்’ என்ற பேச்சையே விட்டுவிடலாம். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்சிஜன் செலவாகாமல் அப்படியே இருக்கிறது.

ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கையிலேயே பார்க்கலாம். கையைச் சிறிது நேரம் தொங்கவிட்டால் முன்கையில் சிரைகள் புடைக்கும். (சதைப்பிடிப்பான கையில் தெரியாது, ஒல்லியான தாத்தா யாராவது இருந்தால் வசதி.) கிளை பிரியாத ஒரு சிரையை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொண்டு, நடுவிரலால் முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டு, நடுவிரலை மட்டும் எடுங்கள். வழித்த பாதையில் வால்வு (ரத்தத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் கதவு) இருந்தால், அதற்குக் கீழே சிரை தட்டையாகவே கிடக்கும்; ரத்தம் கீழே திரும்பாது. ஆள்காட்டி விரலையும் எடுத்தால் கீழிருந்து குபுக்கென்று நிரம்பும்.

ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனை படத்தோடு இருக்கிறது. உணவிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உடல் அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் அதுவரை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம்பிவந்தார்கள். ஹார்வி கணக்குப் போட்டார். இன்றைய எண்களில் சொன்னால், ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக மொத்தம் சுமார் 5 லிட்டர். உடலில் இருக்கும் ரத்தமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நிமிடத்துக்கு 5 லிட்டர் புது ரத்தம் ஊற யாரால் சாப்பிட முடியும்? அதே ரத்தம்தான் சுற்றிவர வேண்டும். தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படித் தாவுகிறது என்பதை மட்டும் அவரால் பார்க்க முடியவில்லை. அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலிய மருத்துவர் மால்பிஜி தவளையின் நுரையீரலில் தந்துகிகளை, அதாவது தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாய்களை, நுண்ணோக்கியில் கண்டார்.

இப்போது ஒரு கேள்வி. இதயத்தின் கீழறைகளுக்கு வென்ட்ரிக்கிள் என்று பெயர்; இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடச் சுமார் மூன்று மடங்கு தடிமன். அப்படியானால் அதிக ரத்தம் தள்ளுவது இடதா? இல்லை, இரண்டும் ஒரே அளவுதான். துடிப்புக்கு வெறும் 5 மில்லி வலதுபக்கம் கூடுதலாகத் தள்ளினாலே மூன்று நிமிடத்தில் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் தேங்கிவிடும். அழுத்தத்தில்தான் வித்தியாசம்: உடல் முழுக்க அனுப்ப 120 மி.மீ. பாதரசம், பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு 25 போதும்.

இதெல்லாம் புரிந்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, வெறுந்தாளில் ரத்தம் போகும் பாதையை வரையச் சொல்லுங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. படம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அம்புக்குறிகளை மட்டும் திருத்துங்கள்.