கேள்வியை வெட்டிவிட்டு பத்வாவை அனுப்பாதீர்கள்

இலங்கையில் கல்முனைப் பக்கம் காணி, வீட்டு உறுதி எழுதும் தொழிலில் இருப்பதால் பத்வாக்கள், அதாவது மார்க்கக் கேள்விகளுக்கு முப்தி எனும் மார்க்க அறிஞர் தரும் பதில்கள், என் மேசைக்கும் வந்து சேரும். பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வந்த ஸ்கிரீன்ஷொட்டாக. பதில் இருக்கும், கேள்வி இருக்காது.

அதிகம் வருவது சீதன வீட்டுப் பிரச்சினை. வாப்பா மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்திருப்பார். அவர் மௌத்தான (இறந்த) பிறகு மகன்மார் போனை நீட்டுவார்கள்: ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுப்பது ஹராம், திருப்பி எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். (இத்தனைக்கும் நீட்டுகிறவர் குடியிருப்பது மாமனார் கொடுத்த வீட்டில்!) அப்படி ஒன்றைத் தேடி முழுதாக வாசித்தேன். கேட்டவர் உயிரோடிருக்கும் ஒரு தகப்பன்; தான் கொடுத்ததைப் பற்றித்தான் கேட்டிருந்தார். பதில் ஹன்பலி மத்ஹபின்படி (மத்ஹப் என்பது இஸ்லாமியச் சட்டப் பள்ளி). இங்கே நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அப்படிக் கொடுப்பது மக்ரூஹ் (விரும்பத்தகாதது), ஆனால் கொடுத்தது செல்லும். கொடுத்த தகப்பன் திரும்ப எடுக்கலாம். அவருக்குப் பிறகு மகன்மார் எடுக்க முடியாது.

பத்வா பற்றிய பல்கலைக்கழக ஆய்வுகளும் இப்போது இந்தக் கேள்விப் பக்கத்தைத்தான் கூர்ந்து பார்க்கின்றன. பத்வாக்கள் பிக்ஹு (இஸ்லாமியச் சட்ட) நூல்களுக்குள் போகும்போது ஆட்பெயர்களும் சம்பவ விவரங்களும் கழற்றப்படுவதை இஸ்லாமியச் சட்ட ஆய்வாளர் வாஇல் ஹல்லாக் 1994இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஆலிம்கள் சட்டத்துக்கு எது தேவை என்று தெரிந்து கழற்றினார்கள். வாட்ஸ்அப்பில் கத்தரிக்கிறவருக்கு அந்தக் கவலை இல்லை. 1508இல் வபாத்தான வன்ஷரீஸி என்ற ஆலிம் திரட்டிய மாலிக்கி மத்ஹப் பத்வாக்களில் பல கேள்விகள் நீளமாகவே உள்ளன. அதனால்தான் ஆய்வாளர் டேவிட் பவர்ஸ் அவற்றை வைத்து மக்ரிப் (வடமேற்கு ஆபிரிக்க) குடும்பங்களின் சொத்துத் தகராறுகளைக் கிட்டத்தட்ட வழக்குக் கோப்பு மாதிரி வாசிக்க முடிந்தது. இணைய பத்வாக்களை ஆராய்பவர்களும் முப்தியின் பதிலோடு நிற்பதில்லை; கேட்டவர் யார், எந்த நாட்டிலிருந்து கேட்டார் என்றும் பார்க்கிறார்கள்.

திகதியும் முக்கியம். 2020இல் கொரோனாவில் இறந்தவர்களின் ஜனாஸாக்கள் (உடல்கள்) இங்கே கட்டாயமாக எரிக்கப்பட்டபோது கேட்ட கேள்வி வேறு, 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிய பிறகு கேட்டது வேறு.

சரி, சீதன வீட்டுக்கு வருவோம். பத்வா நீதிமன்றத் தீர்ப்பு அல்ல. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதியிருந்தால் தவிர, நன்கொடை மீளப்பெறத்தக்கதாகவே கொள்ளப்படும். மகளுக்கு நிரந்தரமாகத்தான் கொடுத்தேன் என்று நினைக்கும் வாப்பாமார் பலர் இதை அறிய மாட்டார்கள். அலுமாரியில் இருக்கும் உறுதியை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வாப்பா தன் கையால் ஒப்பமிடக்கூடிய நிலையில் இருக்கும்போதே நொத்தாரிசிடம் அழைத்துப் போங்கள்.