லயத்துக்கு மேலே ஒரு குளம்: சிறிய மண்ணணைகள் எப்படி நிற்கின்றன, எப்படி உடைகின்றன

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப் பட்டணம் ஒன்றில், பழைய ரப்பர் ஆலைக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் அது குளம்தான். அதை அணை என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் இரண்டு மேடுகளுக்கு நடுவே ஓடிய சிற்றோடையை மண்கரையால் மறித்து, ஆலைக்குத் தண்ணீர் கிடைக்கும்படி செய்த ஏற்பாடு அது. பொறியியலில் அதற்கு மண்ணணை என்று பெயர். ஆலை மூடப்பட்டது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டமும் துண்டு துண்டாகக் கைமாறியது. கரை மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. கீழே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த பள்ளத்தில் இப்போது தாமான் எனப்படும் புதுக் குடியிருப்பு வீடுகள் இருக்கின்றன.

குளம் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரப்பு 1 ஹெக்டேர், சராசரி ஆழம் 3 மீட்டர் என்று கொண்டால் 30,000 கன மீட்டர் நீர் நிற்கிறது. எடையில் அது 30,000 டன். அனைத்துலகப் பெரிய அணைகள் ஆணையத்தின் வரையறைப்படி 15 மீட்டர் உயரமோ, 5 முதல் 15 மீட்டர் உயரத்தோடு 30 லட்சம் கன மீட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவோ இருந்தால்தான் ஓர் அணை ‘பெரியது’. நம் குளம் அந்தப் பட்டியலின் பக்கத்தில்கூட வராது. ஆனால் கரையிலிருந்து 200 மீட்டர் தொலைவில் படுத்துறங்குகிறவருக்கு அந்த வரையறையால் பயன் ஒன்றுமில்லை.

மண்கரை தன் எடையாலும், மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதாலும் நிற்கிறது. கரை தண்ணீரை ஒரு சொட்டுக்கூட விடாமல் தடுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எந்த மண்ணணையிலும் நீர் ஊடுருவிக்கொண்டேதான் இருக்கும். குளத்தின் பக்கம் உயரத்தில் நுழையும் நீர், கரையின் வயிற்றுக்குள் சாய்வாக இறங்கி மறுபக்கம் அடிவாரத்தை நோக்கி நகர்கிறது. முறையாகக் கட்டிய அணையில் நடுவே களிமண் நெஞ்சும், அதற்குப் பின்னால் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி அடுக்கும் இருக்கும். களிமண் நீரின் வேகத்தைக் குறைக்கும், வடிகட்டி நீரை மட்டும் வெளியே விட்டு மண் துகளைப் பிடித்துவைக்கும். அந்தக் காலத் தோட்டக் குளங்கள் பலவற்றில் இத்தகைய வடிகட்டி கிடையாது. அருகில் கிடைத்த செம்மண்ணை வெட்டிக் கொட்டி மிதித்துக் கட்டியவை அவை.

வடிகட்டி இல்லாத இடத்தில் கசியும் நீர் மெல்ல மெல்ல மண்ணையும் சுமந்து வெளியேறத் தொடங்குகிறது. முதலில் அடிவாரத்தில் ஒரு சிறு ஊற்று தோன்றும். அங்கே மண் அரிபட அரிபட, ஊற்றின் வாயிலிருந்து குளத்தை நோக்கிப் பின்னோக்கி ஒரு சிறு குழாய் வளரும். குழாய் நீள நீள, நீர் கடக்க வேண்டிய மண்ணின் தூரம் குறைகிறது. தூரம் குறையக் குறைய வேகம் கூடுகிறது. வேகம் கூடினால் அரிப்பும் கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டுக் கடைசிக் கட்டம் சில மணி நேரத்தில் முடிந்துவிடுவது இதனால்தான். 1976 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், 90 மீட்டருக்கு மேல் உயரமுள்ள டீட்டன் மண்ணணையில் காலை ஏழு மணி வாக்கில் கலங்கல் நீர் கசிவது கண்ணில் பட்டது. நண்பகல் ஆவதற்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது அணை உடைந்தது. அது புதிய, பெரிய, அரசாங்க அணை என்றாலும், அங்கே நடந்த அரிப்புக்கும் தோட்டக் குளத்தில் நடக்கும் அரிப்புக்கும் இயற்பியல் ஒன்றே.

கரையில் வேலை பார்த்த பழைய ஆட்கள் அடிவாரத்துக் கசிவை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார்கள். நீர் தெளிவாக இருந்தால் கரை நனைந்திருக்கிறது. கலங்கலாக இருந்தால் கரை கரைந்துகொண்டிருக்கிறது. கசிவின் அளவையும் ஒரு வாளியும் கைக்கடிகாரமும் கொண்டு அறியலாம். வாளி நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று மாதம் ஒரு முறை குறித்துவைத்தால், குளத்து மட்டம் மாறாமலிருக்கும்போது அந்த நேரம் குறைந்துகொண்டே வருவது கவலைப்பட வேண்டிய செய்தி. விலை உயர்ந்த கருவிகள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான்.

அரிப்புக்கு வழி திறந்துவிடுபவை சில உண்டு. கரைக்குள் புதைத்த பழைய இரும்புக் குழாய் முதலாவது: குழாயின் வெளிப்புறத்தை ஒட்டிய மண்ணை நன்றாகக் கெட்டிப்படுத்துவது கடினம் என்பதால், கரைக்குள் ஊடுருவும் நீர் மற்ற இடங்களைவிடக் குழாயை ஒட்டிப் போக விரும்பும். உடும்பு தோண்டும் வளை, கறையான் புற்றின் அடியிலுள்ள வெற்றிடம், பட்டுப்போன மரத்தின் அழுகிய வேர் விட்டுச்சென்ற துளை ஆகியவையும் அப்படியே. நிழலுக்காகக் கரைமேல் மரம் நடுவது பார்க்க அழகுதான். ஆனால் மரம் உயிரோடு இருக்கும்வரை வேரும், செத்த பிறகு வேர் இருந்த துளையும் கரைக்குத் தொல்லை. குட்டையாக வெட்டிய புல்தான் மண்கரைக்குப் பொருத்தமான உடை.

உலகில் உடைந்த மண்ணணைகளில் ஏறத்தாழப் பாதி இத்தகைய உள்ளரிப்பால் உடைந்தவை. மறுபாதியில் பெரும்பகுதி, நீர் கரைக்கு மேலேறி வழிந்ததால் உடைந்தவை. கான்கிரீட் சுவரின் மேல் நீர் வழிந்தால் சுவர் பெரும்பாலும் தாங்கும். மண்கரையின் பின்சரிவில் வழியும் நீரோ இறங்க இறங்க வேகம் பெற்று அடிவாரத்தை வெட்டுகிறது. வெட்டு படிப்படியாக மேல்நோக்கி ஏறிக் கரையின் உச்சியை அடைந்ததும் குளம் முழுவதும் அந்த வாய் வழியாகக் கொட்டுகிறது.

இதைத் தடுப்பதற்கென்றே கரையின் ஓரத்தில், உச்சியைவிடத் தாழ்வான மட்டத்தில், உபரி நீர் போக ஒரு வழி விடுவார்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் அதற்குக் கலிங்கு என்று பெயர். நம் குளத்துக் கலிங்கு 4 மீட்டர் அகலம். அதன் தளத்திலிருந்து கரையின் உச்சி ஏறக்குறைய 1 மீட்டர் உயரம். இப்போது 100 ஹெக்டேர் சரிவில் மூன்று மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பாதி ஓடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருவது 50,000 கன மீட்டர், குளத்தின் மொத்தக் கொள்ளளவைவிட அதிகம். சராசரியாக வினாடிக்குச் சுமார் 5 கன மீட்டர். அதை வெளியேற்ற 4 மீட்டர் கலிங்கில் நீர் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரம் ஓட வேண்டும். கரை தப்பித்துவிடும். அதே கலிங்கின் பாதி அகலம் அடைபட்டால் தேவைப்படும் உயரம் ஏறத்தாழ 1.3 மீட்டர். அப்போது நீர் கரையின் மேல்தான் போகும். நம் நாட்டு மழைக்கு இந்த அளவு பெரிதல்ல. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கின் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது.

குளம் இப்போது கட்டணம் வாங்கும் மீன்பிடிக் குளம். கலிங்கின் வாயில் குறுக்கே இரண்டு பலகையும், அதன்மேல் ஒரு வலையும் கட்டியிருக்கிறார்கள். வலை முழுக்க ஆகாயத்தாமரையும் செம்பனை மட்டையும். குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரிடம் கேட்டபோது, “வலையை எடுத்தா திலாப்பியா எல்லாம் ஓடிடும், அண்ணே” என்றார். அவர் நிலையில் அது நியாயமான பதில். பலகை வைப்பதும் புதிதல்ல: பழைய ஏரிகளின் கலிங்கில் குத்துக்கற்களை நட்டு, மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றுக்கிடையே பலகையும் மண்ணும் வைத்து நீர்மட்டத்தை உயர்த்துவது வழக்கம். ஆனால் அடுத்த மழைக்கு முன் அதை எடுத்துவிட வேண்டும் என்பதும் வழக்கத்தின் ஒரு பகுதி. ஹவாய்த் தீவுகளில் கரும்புத் தோட்டக் காலத்து மண்ணணையான கா லோக்கோ, தனியார் நிலத்தில் இருந்தது. 2006 மார்ச் 14 அன்று உடைந்து 7 பேர் இறந்தனர். அதன் கலிங்கு இருக்க வேண்டிய இடத்தில் கலிங்கே இல்லை என்பதுதான் பின்னர் நடந்த விசாரணையின் முக்கியமான கண்டுபிடிப்பு.

ஆபத்து என்று தெரிந்ததும் குளத்தை ஒரே இரவில் வடித்துவிடலாம் என்று தோன்றும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குளத்து நீர் வெளியிலிருந்து கரையை அணைத்துத் தாங்கிக்கொண்டிருக்கும். அது சட்டென்று இறங்கினால், கரைக்குள் ஊறிய நீர் அதே வேகத்தில் வெளியேற முடியாமல் மண்ணை உள்ளிருந்து தள்ள, உட்புறச் சரிவு பெயர்ந்து குளத்துக்குள் சரியும். உடையும் தறுவாயில் வேறு வழியில்லை. மற்ற நேரங்களில் நாளுக்குக் கொஞ்சமாகப் பொறியாளர் சொல்லும் அளவில் இறக்குவதுதான் முறை.

இனி, இதையெல்லாம் யார் பார்ப்பது என்ற கேள்வி. 1925 நவம்பரில் வேல்ஸின் டோல்காரோக் என்னும் ஊரில் ஒரு தனியார் நிறுவனத்தின் மேலணை உடைந்து, அந்த வெள்ளம் கீழிருந்த மண்ணணையையும் உடைக்க, 16 பேர் இறந்தனர். அதைத் தொடர்ந்து பிரிட்டன் 1930இல் நீர்த்தேக்கப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 1975இல் வந்த சட்டப்படி 25,000 கன மீட்டருக்கு மேற்பட்ட தேக்கங்களை, உரிமையாளர் தனியாரே ஆனாலும், தகுதிபெற்ற பொறியாளர் 10 ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வு செய்ய வேண்டும். வேல்ஸ் 2016இல் அந்த வரம்பை 10,000ஆகக் குறைத்தது. நம் குளம் அங்கே இருந்திருந்தால் சட்டத்துக்குள் வந்திருக்கும். மலாயாவில் தோட்டங்களை நடத்திய துரைமார் தங்கள் ஊர்ச் சட்டத்தைக் கப்பலில் ஏற்றிவரவில்லை.

மலேசியாவில் நிலமும் ஆறுகளும் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளவை. பேராக்கில் ஆற்று நீரைத் திருப்ப 1920ஆம் ஆண்டின் நீர்ச் சட்டப்படி உரிமம் தேவை. நீர்ப்பாசன வடிகால் துறை 2017இல் அணைப் பாதுகாப்பு மேலாண்மைக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஆனால் வழிகாட்டி என்பது சட்டமாகாது. தோட்டம் விற்கப்படும்போது நிலப் பட்டாவில் ஏக்கர் கணக்கு இருக்கும். கரையின் வயதும் கலிங்கின் அகலமும் இருக்காது. 1977 நவம்பரில் அமெரிக்காவின் டொக்கோவாவில் உடைந்து 39 பேரைக் கொன்ற தனியார் அணையும் முதலில் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதுதான். 1957இல் மின் உற்பத்தி நின்றபின் அது வெறும் ஏரியாக நின்றது. பயன் போனதும் பராமரிப்பு தளர்வதும், கீழே வீடுகள் வருவதும் சேர்ந்தே நடக்கின்றன. கென்யாவின் சோலாயில் 2018 மே மாதம் ஒரு பண்ணைக் குளம் இரவில் உடைந்தபோதும் இறந்தவர்கள் கீழே குடியிருந்தவர்களே, நாற்பதுக்கும் மேற்பட்டோர்.

குத்தகைக்காரரிடம் ஒரு மாற்றுவழி சொன்னேன்: வலையைக் கலிங்கின் வாயில் கட்டாமல், குளத்துக்குள் சில மீட்டர் தள்ளி அரைவட்டமாக, நான்கைந்து மடங்கு நீளத்தில், தாழ்வாகக் கட்டினால் குப்பை பரவிச் சேரும், வெள்ளம் வந்தால் வலைக்கு மேலேறிப் போய்விடும், மீன் கொஞ்சம் போகும், கரை போகாது. போன வாரம் பார்த்தபோது குளத்துக்குள் ஆறு கம்பம் நட்டிருந்தார். பலகைகள் இரண்டும் எடுக்கப்பட்டிருந்தன. வலை இன்னும் கலிங்கின் வாயிலேயே இருந்தது.